காலித் தொட்டியில் ஒரு மீன்

நெவ் பெட்ரிட்ஜ் அந்த நீல டாங் மீனைத் தொட்டிக்குள் விட்டபோது கிளப்பே கைதட்டியது. ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்து நடக்கும் வெள்ளிக்கிழமைக் குலுக்கல் முடிந்த சூட்டோடு மைக்கைப் பிடித்து, கிளப்புக்கு இது தன் சொந்தப் பரிசு என்று அறிவித்தார். கெய்ர்ன்ஸ் கடையில் வாங்கி, காரின் முன்சீட்டில் வைத்து அரை நாள் ஓட்டிக்கொண்டு வந்த பாலித்தீன் பையை அவிழ்த்துக் கவிழ்த்தார். கருநீல உடம்பும் மஞ்சள் வாலுமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் வழுக்கிக்கொண்டு போய்ப் பாறைக்குப் பின்னால் மறைந்தது. சமையலறை ஜன்னலில் நின்றிருந்த நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். மீன் அழகாகத்தான் இருந்தது.

இன்கிரிட் பாஸ்கோ அன்று ஊரில் இருந்திருந்தால் அவர் கையிலிருந்து பையைப் பிடுங்கியிருப்பாள். ஸ்லேட்டர் பேயில் இருக்கும் ஒரே பல் டாக்டர் அவள். நானும் அவளும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் பவுல்ஸ் கிளப்பின் மீன் தொட்டியை வைத்ததும் வளர்த்ததும் அவள்தான். ஒரு சுவரின் நீளத்துக்கு ஓடும் கடல்நீர்த் தொட்டி அது. பாறையும் பவளமும், ஒரு கடல் சாமந்தியும், அதற்குள் குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடியும், இன்னும் சில்லறை மீன்களும் அதில் இருந்தன. எல்லாருக்கும் தலைவனாக, பிரிகேடியர் என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு முரட்டு மீன் இருந்தது. உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பட்டை, வாயைத் திறந்தால் நீல நிறப் பல். இந்த ஊரில் தான் கை வைக்காத வாய் அது ஒன்றுதான் என்பாள் இன்கிரிட்.

புதிதாக எந்த மீன் வந்தாலும் அவளுடைய கிளினிக்கின் பின்னறையில் ஒரு மாதம் தனியாக இருந்துவிட்டுத்தான் கிளப்புக்கு வரும். இது நெவ்வுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அவள் பிரிஸ்பேனில் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தாள். மீன் பைக்குள் திணறுவதாக அவருக்குப் பட்டது. கூட்டமும் காத்திருந்தது.

ஊருக்குத் திரும்பியவள் தொட்டியைப் பார்த்தாள், நெவ்வைப் பார்த்தாள். இனி அதைப் பிடிக்க வேண்டுமானால் பாறையை எல்லாம் கலைக்க வேண்டும், அதுவரைக்கும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நெவ்வுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் கவனித்தது நான்தான். என் அடுப்புக்கு நேர் எதிரே தொட்டி. இரண்டாவது வாரத்தில் ஒருநாள், அந்த நீல டாங், மாடு கம்பத்தில் முதுகைத் தேய்ப்பது போலப் பாறையில் விலாவைத் தேய்த்துவிட்டு ஓடியது. மறுநாள் அதன் செதிலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். இன்கிரிட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்து சேர்வதற்குள் புள்ளிகள் மறைந்துவிட்டன. மீன் பளபளவென்று இருந்தது. தானாகவே குணமாகிவிட்டது, பெரிய இடத்து மீன் என்று நெவ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்கிரிட் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் எல்லா மீன்கள் மேலும் உப்பு விழுந்தது. கோமாளி ஜோடி மூச்சு வாங்கியது. பிரிகேடியர் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அன்று மாலையே கமிட்டி கூடியது. கூடியது என்றால், பாரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நெவ் ஒரு மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பவளத்துக்குக் கெடுதல் செய்யாது, வெள்ளைப் புள்ளியை விரட்டும் என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. இன்கிரிட் புட்டியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"மேல தெரியுற புள்ளி ஒரு ஒட்டுண்ணி, சாப்பாட்டுக்கு வந்தவன், நெவ். மீன் தோலுக்குள்ள உட்கார்ந்து தின்னுட்டு, வயிறு நிறைஞ்சதும் கழண்டு கீழ விழுந்துடுவான். அன்னைக்கு நீ குணமாயிடுச்சுன்னியே, அன்னைக்குத்தான் விழுந்தான். மணல்லயோ பாறையிலயோ ஒட்டிக்கிட்டு தன்னச் சுத்தி ஓடு கட்டிக்குவான். ஓட்டுக்குள்ள ஒருத்தன் நூறு பேர் ஆவான். ஓடு உடைஞ்சதும் நூறு பேரும் மீனத் தேடி நீந்துவாங்க. ஓட்டுக்குள்ள இருக்கறவன எந்த மருந்தும் தொடாது."

நீந்தும்போது தொடும் மருந்து இல்லையா என்று கேட்டார் நெவ். இருக்கிறது, செம்பு என்றாள். செம்பைத் தொட்டியில் போட்டால் பவளமும் சாமந்தியும் முதலில் சாகும்.

"அப்ப என்னதான் வழி?"

"பட்டினி போடறது. மீன் இல்லாத வீட்ல அவனுக்குச் சோறு இல்ல. எல்லா மீனையும் வெளிய எடுக்கணும், ஒண்ணு பாக்கியில்லாம. வெளிய வெச்சு மீனுக்கு வைத்தியம். தொட்டி ரெண்டரை மாசம் காலியா கிடக்கணும்."

முணுமுணுப்பு எழுந்தது. ஜூனில் வட்டாரப் போட்டி எங்கள் கிளப்பில்தான் நடக்கவிருந்தது. டவுன்ஸ்வில்லிலிருந்தும் மக்காயிலிருந்தும் அணிகள் வரும். வருகிறவர்கள் எங்கள் புல்தரையை விட இந்தத் தொட்டியைப் பற்றித்தான் ஊருக்குப் போய்ப் பேசுவார்கள். ரெண்டரை மாதம் என்றால் போட்டிக்கு நான்கே நாள் முன்புதான் மீன் திரும்பும். தன் மைத்துனன் மீன் தீவனத்தைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தே குணப்படுத்தினான் என்று ஒருவர் எடுத்துவிட்டார். பூண்டு போட்டால் மீனுக்கு ருசியாக இருக்கும், நமக்கும்தான் என்றாள் இன்கிரிட். பிறகு சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பல்லு வலிக்கும்போது கிராம்ப வெச்சு அமுக்கிட்டு, ஆறு மாசம் கழிச்சு கன்னம் வீங்கி எங்கிட்ட வந்தவங்க இங்க எத்தன பேருன்னு பேர் சொல்லட்டுமா?"

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. இறால் படகுக்காரர்களிடம் இரவல் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் தொட்டிகளைப் பில்லியர்ட்ஸ் அறையில் வரிசையாகப் போட்டோம். கடல் கல்லெறி தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரை இன்கிரிட் உள்ளே விடவில்லை. உப்பு மூட்டை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் கலந்தாள். கடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றாள். தொட்டித் தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆறு பேர் வலையோடு நின்றோம். கோமாளி ஜோடி சாமந்தியை விட்டு வர மறுத்தது. பிரிகேடியர் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் தண்ணி காட்டிவிட்டு, கடைசியில் நெவ்வின் கட்டைவிரலைக் கையுறையோடு சேர்த்துக் கவ்வியது. அவர் கையை உதறவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கினார். நல்ல கடி என்று இன்கிரிட் பாராட்டினாள். மீனைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா தெரியவில்லை.

நீல டாங் அடுத்த நாள் செத்துப்போனது. காலையில் நான் வந்தபோது நெவ் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீர்ப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மீனைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். டயர் கடை வைத்திருக்கும் மனிதர், ஊரில் எந்தச் சண்டையிலும் முதல் குரல் அவருடையது. அன்று ஒரு வார்த்தை பேசாமல் டீயைக் குடித்துவிட்டு, பின்புறத்து மாமரத்தடியில் குழி தோண்டப் போனார்.

வைத்தியம் என்று இன்கிரிட் சொன்னது மாற்றிக்கொண்டே இருப்பதுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை மீன்களை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு சுத்தமான தொட்டிக்கு மாற்ற வேண்டும். மீனிலிருந்து கழன்று விழுந்தவன் பழைய தொட்டியின் அடியில் ஓடு கட்டிக்கொண்டு இருப்பான். அவன் ஓடு உடைவதற்குள் மீன் வேறு வீட்டில் இருக்கும். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துப் போட்டால் நூறு பேரும் பிறக்காமலே காய்ந்துவிடுவார்கள். சொல்ல எளிது. செய்ய இடுப்பு ஒடியும். முதல் முறை எட்டுப் பேர் வந்தார்கள், இரண்டாம் முறை நான்கு பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தவர் நெவ் மட்டும்தான். டயர் தேய்க்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து தேய்ப்பார். ஒரு சின்ன மீன் இடையில் போனது. மற்றவை தேறின. பிரிகேடியர் மறுபடியும் கடிக்கத் தொடங்கியதும் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

வெளியே கூடத்தில் பெரிய தொட்டி விளக்கெரிந்தபடி காலியாகக் கிடந்தது. இழவு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது என்றார்கள். வெறும் தண்ணீரைப் பார்க்கக் கட்டணம் உண்டா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். போகப் போக எல்லாரும் நாற்காலியை டி.வி. பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

திருப்பாதவர் ஒருவர்தான். சில்வியோ ஃபாப்ரி. நாற்பது வருடம் கரும்பு விளைவித்தவர். முந்தின வருடம் லேசான பக்கவாதம் வந்து, இடது கால் கொஞ்சம் இழுக்கும், சொற்கள் சில சமயம் தாமதமாக வரும். மாலை நான்கு மணிக்கு வந்து, தொட்டியின் ஓரக் கண்ணாடியை ஒட்டிய ஒற்றை மேசையில் ஒரு சின்ன பீரோடு உட்காருவார். ஆறு மணிக்கு மகள் ரினா வந்து காரில் அழைத்துப் போவாள். தொட்டியில் மீன் இருந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்தார். மீன் போன பிறகும் அங்கேதான்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் நான் காலித் தட்டை எடுக்கப் போனபோது, உள்ளே ஒரு மீன் இருக்கிறது என்றார். சரி என்று சிரித்துவிட்டு வந்தேன். மறுநாளும் சொன்னார். அதற்குள் பாரில் இருந்தவர்கள் காதிலும் விழுந்துவிட்டது. சில்வியோவின் பீர் எனக்கும் ஒன்று என்று யாரோ கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரினா சிரிக்கவில்லை. நான் கோழிக்கறியை ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வந்து நின்றாள். டவுன்ஸ்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்றாள். முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததாகவும், இப்போது முடிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

"போன மாசம் கேஸ் அடுப்பத் திறந்து விட்டுட்டுத் தூங்கிட்டார். இப்ப இல்லாத மீனு கண்ணுக்குத் தெரியுது. இதுக்கு மேல நான் எதுக்குக் காத்திருக்கணும், ராஸ்?"

அன்று தொட்டியின் உப்பை அளக்க வந்த இன்கிரிட்டிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். பாவம் சில்வியோ என்றுதான் சொல்ல வந்தேன். அவள் கையிலிருந்த அளவுக் குழாயை அப்படியே கீழே வைத்தாள்.

நேராகப் போய் அவர் எதிரே உட்கார்ந்தாள். என்ன நிறம் என்று கேட்டாள். நீலம், பச்சை, நடுவில் ஆரஞ்சுக் கோடு என்றார். எவ்வளவு பெரியது? சுண்டுவிரலைக் காட்டினார். எப்படி நீந்துகிறது என்று கேட்டபோது சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் தேடினார்.

"நீந்தல. நிக்குது. தட்டான் பூச்சி நிக்குமே, அந்த மாதிரி. பாறையக் கொத்தும், நிக்கும், கொத்தும்."

இன்கிரிட் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு மாண்டரின் மீனைத் தொட்டியில் விட்டிருந்தாள். கூச்சப்பிராணி. ஒரு வருடத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படாததால் செத்துவிட்டது என்று விட்டுவிட்டாள். போடுகிற தீவனத்தை அது தொடாது. பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் கொத்தியே உயிர் வாழும். மற்ற மீன்களோடு போட்டி இல்லாத காலித் தொட்டி அதற்குச் சொர்க்கம்.

"அது உள்ள இருந்தா, இத்தன நாள் நாம போட்ட பட்டினி பட்டினியே இல்ல. அவனுக்கு ஒரு வீடு திறந்தே இருந்திருக்கு" என்றாள்.

மூன்று சாயங்காலம் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். நோயாளிகளின் நேரத்தை மாற்றிவிட்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை. இதற்கிடையே போட்டிக்கான போஸ்டர்கள் ஊரெங்கும் ஒட்டப்பட்டுவிட்டன. மீன்கள் வீடு திரும்புகின்றன என்று பெரிய எழுத்தில், பிரிகேடியரின் படத்தோடு. நெவ்வே அச்சடிக்கக் கொடுத்தது. மூன்றாம் நாள் அவரும் ரினாவும் சேர்ந்தே இன்கிரிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சில்வியோ கழிவறைக்குப் போயிருந்தார்.

ரினா தன் அப்பாவுக்கு ஆசை காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நீ நம்புவதுபோல் உட்காருவதால் அவர் இன்னும் உறுதியாக நம்புகிறார் என்றாள். நெவ் அவ்வளவு மென்மையாகப் பேசவில்லை. ரெண்டரை மாதம் இடுப்பொடியத் தேய்த்ததைச் சொன்னார். பாறையை எல்லாம் எடுத்தோமே, அப்போது தெரியாத மீன் இப்போது எங்கிருந்து வந்தது என்றார். ஒரு கிழவன் சொல்கிறான் என்று போட்டியன்று காலித் தொட்டியைக் காட்டச் சொல்கிறாயா என்று கேட்டார்.

இன்கிரிட் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"ஒருத்தர் வந்து இந்தப் பல்லு வலிக்குதுன்னு சொன்னா நான் முதல்ல நம்புவேன். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னா, உனக்கு வலியே இல்லன்னு சொல்லி அனுப்ப மாட்டேன். வேற பக்கத்துலருந்து எடுப்பேன். அவர் சொன்ன மீன நான்தான் வாங்கினேன். அது நிக்கிற விதம் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எனக்கு உறுதியாகுற வரைக்கும் இந்தத் தொட்டிக்குள்ள ஒரு செதில்கூடப் போகாது, நெவ். உறுதின்னா என் உறுதி."

பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நாங்கள் எல்லாரும் பார்ப்பது முன்கண்ணாடி வழியாக. சில்வியோ பார்ப்பது ஓரக் கண்ணாடி வழியாக. அங்கே பாறைக்குப் பின்னால் ஒரு சந்து இருப்பது அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டுமே தெரியும். மூன்று நாளும் இன்கிரிட் அவருக்கு எதிரே, முன்கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எப்போது வரும் என்று அவரையே கேட்டாள். மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியை விட்டு இறங்கிய பிறகு, டி.வி. சத்தம் இல்லாவிட்டால் என்றார். எத்தனை நாள் கவனித்திருந்தால் ஒருவருக்கு இது தெரியும்.

மறுநாள் டி.வி.யை அணைத்தோம். அதற்கே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். தொட்டியின் விளக்கையும் அணைத்தாள். நாற்காலிகளை ஓரக் கண்ணாடிப் பக்கம் போட்டு, சில்வியோ, இன்கிரிட், நெவ், நான் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அப்பாவை அழைத்துப் போக வந்த ரினா உட்காரவில்லை. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். வெயில் தரையில் இறங்கி, சுவர் ஓரமாக நகர்ந்து, போனது. தண்ணீர் சாம்பல் நிறமானது. நான் பாறையை முறைத்து முறைத்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

"அங்க" என்றாள் ரினா.

சந்துக்குள், மணலுக்கு ஒரு விரல் மேலே, அது நின்றுகொண்டிருந்தது. நீலமும் பச்சையும் ஆரஞ்சும் சுழித்துச் சுழித்து, யாரோ ஒரு குழந்தை பெட்டியில் இருந்த வண்ணம் எல்லாவற்றையும் அதன் மேல் தீர்த்துவிட்டதுபோல. பாறையை ஒருமுறை கொத்தியது. நின்றது. மறுபடி கொத்தியது.

"ரெண்டு வாரமா இதத்தான சொல்றேன்" என்றார் சில்வியோ. குரலில் வெற்றியெல்லாம் இல்லை. பீர் காலியாகிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

ரினா அவர் தோளில் கை வைத்தாள். சாவி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் மீன் பாறை ஓட்டைக்குள் போய்விட்டது.

எந்த ஓட்டை என்று சில்வியோவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை அவர் சொல்லச் சொல்ல இன்கிரிட் கையை விட்டாள். இன்னும் கீழே, இடது பக்கம், தேங்காய் அளவில் ஒரு கல், அதை மட்டும் அலுங்காமல் தூக்கு என்றார். முதல்முறை நாங்கள் தூக்கிய கல்தான் அதுவும். மீனோடு சேர்த்தே தூக்கி மறுபடி மீனோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். இந்த முறை வாளியில் இறக்கினாள். வாளியைப் பிடித்திருந்தவள் ரினா.

நெவ் வாளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இதன் மேல் ஒரு புள்ளிகூட இல்லையே, நோயே இல்லாத மீன் இருந்ததால் என்ன குறைந்துபோயிற்று, மற்றதையெல்லாம் விட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

"இதுக்குத் தோல் மேல சளி கெட்டி. புள்ளி தெரியாது. செவுளுக்குள்ள ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா போதும், பிரிகேடியர் போயிடும். இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம்ங்கறத வெச்சு நான் பல்லு பிடுங்க மாட்டேன்" என்றாள் இன்கிரிட். "இன்னைலருந்து மறுபடி ரெண்டரை மாசம்."

நெவ் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். பிறகு மாண்டரினுக்கு எந்தத் தொட்டி, முதலில் எதைக் கழுவ வேண்டும் என்று கேட்டார்.

போட்டியன்று எங்கள் கூடம் நிறைந்து வழிந்தது. டவுன்ஸ்வில் அணியில் ஒருவர் போஸ்டரைக் கிழித்துக்கொண்டே வந்து, வீடு திரும்பிய மீன் எங்கே, பொரித்துவிட்டீர்களா என்று என் ஜன்னலில் கேட்டார். செயலாளர் ஏதோ பம்ப் கோளாறு என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றார். நெவ் அவரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தொட்டி ஏன் காலின்னு கேக்கறீங்க. இந்த நோயக் காசு குடுத்து வாங்கிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் உள்ள விட்டவன் நான். பைத்தியக்காரத்தனம். அது ஒழியுற வரைக்கும் மீன் வராது. அதுவரைக்கும் பாறையப் பாருங்க. நாலு பீருக்கு அப்புறம் நல்லாத்தான் இருக்கும்."

முதல் சிரிப்பு சில்வியோவிடமிருந்து வந்தது. பிறகு கூடம் முழுக்க. அன்று பீர் நன்றாகவே விற்றது.

ரினா டவுன்ஸ்வில்லுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரே நாளில் அந்த முடிவுக்கு வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது என் பின்வாசல் வரை கேட்டது. கண் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்ததும் உண்மைதானே என்றாள் அவள். சில்வியோ அதை மறுக்கவில்லை.

"உண்மைதான். அதுக்கு அடுப்ப மாத்தும்மா. என்னை மாத்தாத."

மின்சார அடுப்பு வந்தது. காலையில் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்க ஒரு நர்ஸையும் ஏற்பாடு செய்தாள். எத்தனை நாளைக்கு இது ஓடும் என்று அவளுக்கும் தெரியாது. இப்போதைக்கு ஓடுகிறது.

மாண்டரினும் தொட்டி தொட்டியாக மாறியது. உயிரோடு இருக்கும் தீனியைத்தான் அது தொடும் என்பதால், உப்புநீர்ப் புட்டிகளில் பொடி இறால் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சமையலறை ஜன்னலில் நான்கு புட்டிகள் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தன. சுகாதார ஆய்வாளர் வந்தபோது அது சூப் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. மீன் மெலிந்தது, பிறகு வயிறு வைத்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்குத் திருப்பினோம். கோமாளி ஜோடி நேராகச் சாமந்திக்குள் போய்ப் புதைந்துகொண்டது. பிரிகேடியர் ஒரு சுற்று வந்து, யாரோ தன் வீட்டைத் தப்பாக அடுக்கிவைத்துவிட்டது போல, ஒரு கல்லைக் கவ்வி ஒன்றரை அடி தள்ளிப் போட்டது. அன்றைக்கும் கைதட்டினார்கள். செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. ஒரு மீன் மேலும் உப்பு விழவில்லை.

நவம்பரில் புரோசர்பைன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து இன்கிரிட்டுக்குப் போன் வந்தது. அவர்கள் வரவேற்பறைத் தொட்டியில் வெள்ளைப் புள்ளி, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். சனிக்கிழமை அவள் கிளம்பியபோது நெவ் தன் டிரக்கின் பின்னால் நீலத் தொட்டிகளையும் உப்பு மூட்டைகளையும் பிரஷ்ஷையும் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றார். வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் நல்ல மனிதர். நாங்கள் இறங்கியதுமே, கடையில் ஒரு மருந்து சொன்னார்கள், பவளத்துக்கு ஒன்றும் செய்யாதாம், வாங்கி வைத்திருக்கிறேன் என்று புட்டியைக் காட்டினார். இன்கிரிட் வாயைத் திறந்தாள். அதற்குள் நெவ் முன்னால் போய் அவர் தோளில் கை போட்டுத் தொட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

"சாருக்கு மொதல்ல ஒண்ணு புரியணும். மேல தெரியுதே, அவன் சாப்பாட்டுக்கு வந்தவன்."

இன்கிரிட் என்னைப் பார்த்தாள். திரும்பி வந்து டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய, இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை உறை பிரித்து, பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தாள். உள்ளேயிருந்து நெவ்வின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுக்குள் ஒருவன் நூறு பேர் ஆவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.